செந்தூல் மாடி ரூம்

மலேயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், அங்கே செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்துவந்த அருள்தாஸ் லீவில் சொந்த ஊர் திருப்புலிவனம் வந்தான். கல்யாணம் கட்டி ஊரிலேயே விட்டுவிட்டுப் போன ஞானசுந்தரியை இந்தத் தடவை கையோடு கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. லீவு முடிகிற சமயம் அவள் முழுகாமல் வேறு இருந்தாள். பிள்ளை அங்கேதான் பிறக்கப் போகிறது. எங்கே குடித்தனம் வைப்பது என்பது மட்டும் அவளை ஒரு வார்த்தை கேட்காமலே முடிவாகியிருந்தது.

கப்பலுக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கையில், வாசலில் உட்கார்ந்து அவனும் அவளும் அவன் அம்மாவும் விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அருள்தாஸுக்கு வாய் ஓயவில்லை. இருசப்பன் மாமன் இருக்கிற ரப்பர் தோட்டத்தில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம், வாடகை கிடையாதாம். இவளுக்கும் பால்மரம் வெட்ட வேலை தருவார்களாம், இவன் சைக்கிளில் பட்டறைக்குப் போய்வந்துவிடலாமாம். சுற்றிலும் திருப்புலிவனம், பழையசீவரம் ஆட்களாம், ஜெபக்கூடம்கூட உண்டாம். இதுவரை அவன் வாடகைக்குத் தங்கியிருந்த டவுன் மாடி ரூம், சீனன் காப்பிக் கடைக்கு மேலே, குடும்பத்துக்கு லாயக்கில்லையாம்.

"கப்பல் ஏறுன நெனப்பே வராது உனக்கு" என்றான்.

ஞானசுந்தரி கடலையைக் கீழே வைத்தாள்.

"அப்போ எதுக்குய்யா கப்பல் ஏறணும்?"

மாமியார் பாக்கியமேரி சிரித்துவிட்டாள். மகன் முறைக்கவும் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டாள்.

ஞானசுந்தரி விடவில்லை. புது வீட்டுக்குப் போகிறவள் கேட்பதைத்தான் கேட்டாள். தண்ணி எங்கே எடுப்பது? குழாய்த் தண்ணி, கிணறே இல்லை என்று பெருமையாகச் சொன்னான். மேல் லயனுக்கு ஒன்று, கீழ் லயனுக்கு ஒன்று.

"மேல் லயன்ல யாரு கீறாங்க?"

"ஊர்க்காரங்க."

"கீழ?"

"நம்மாளுங்க."

"மேல போயி நான் ஒரு கொடம் புடிச்சா?"

அருள்தாஸ் ஒரு கடலையை உடைத்தான். பொக்கு. இன்னொன்றை எடுத்தான்.

"தொரை ஒண்ணும் சொல்லமாட்டான். ஊர்க்காரங்களும் சொல்லமாட்டாங்க. நம்மாளுங்கதான் போறதில்ல."

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் அவன் மாமனைக் கேட்டதேயில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. உத்திரமேரூர் டீக்கடையில் சேரி ஆட்களுக்கென்று வைத்த தனிக் கிளாஸை வேண்டாமென்று திரும்பி வந்தவன்தான் அவன். கடல் தாண்டிப் போய் அதே ஏற்பாட்டுக்குள் தன் கையாலேயே குடித்தனம் வைக்கப் பார்த்திருக்கிறான்.

"டவுன்ல?" என்று கேட்டாள் ஞானசுந்தரி.

தெருமுனையில் ஒரே குழாய். சீனச்சி, மலாய்க்காரி, மலையாளத்தி, எல்லாருக்கும் அதுதான். முந்தி வந்தவள் முந்திப் பிடிப்பாள். தினம் சண்டை, காது கொடுத்துக் கேட்க முடியாது என்றான்.

"சண்ட எதுக்கு?"

"என் கொடத்த ஏன் நவுத்துனேன்னுதான்."

"அவ்ளோதானே. அந்தச் சண்ட நான் போடுவேன்."

"பாஷை?"

"உங்கம்மாகூட மூணு வருசமா போட்டுக்கினு கீறேன். புரிஞ்சா போட்டோம்?"

பாக்கியமேரி இதற்குச் சிரிக்கவில்லை. பேறுகாலத்துக்கு யார் இருக்கிறார்கள், லயனில் என்றால் இருசப்பன் பெண்டாட்டி வெந்நீர் வைப்பாள் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஞானசுந்தரிக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

"பேறுகாலம் பத்து நாளு அத்த. வந்து இரின்னா அந்தம்மா வந்து இருக்கும். கொழந்த அங்கயே வளரப் போவுது. அது கொடத்த எடுத்துக்கினு எந்தக் கொழாய்க்குப் போவணும்னு நான் கத்துக் குடுக்கமாட்டேன்."

அருள்தாஸ் தலையைச் சொறிந்தான். மாமனிடம் சரியென்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறான். அவன் பெட்டி படுக்கைகூட அந்த லயன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"மாமன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"பொண்டாட்டி ஒத்துக்கலன்னு சொல்லு. பொய்யில்லியே. பொட்டியத் தூக்க நானும் வரேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். பாக்கியமேரி மடியில் கிடந்த தொலியைத் தட்டி உதறினாள்.

"அந்த மாடி ரூமுல ஜன்னல் கீதாடா?"

"கீதும்மா. ரெண்டு."

"அப்போ போங்க" என்றாள்.