கயிறு அறுத்த கல்

தேங்காய் நார்க் கயிறு கருங்கல்லை வாழைத்தண்டு போல நறுக்கியதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மழை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளம் பத்து ரயில் வேகத்தில் கடலுக்கு ஓடியது. லியாகத் அலி தன் விறகுப் படகைக் கரையிலிருந்த கல்தூணில் கட்டிவிட்டு நின்றான். படகுக்குள் அவன் தம்பி சௌக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

நான் தூணைக் குனிந்து பார்த்தேன். அறுபது வருஷமாக மணல் ஒட்டிய ஈரக் கயிறுகள் அரம் போல அராவி அராவி, அந்தத் தூணின் கழுத்து என் மணிக்கட்டு அளவுக்கு இளைத்திருந்தது.

"மாமு, கல்லு தேஞ்சி கீது. பனமரத்துல இன்னொரு கயிறு போடு."

"கயிறு கல்லை அறுக்குமா? மதுவிலக்கு காலத்துல உனுக்கு மட்டும் கள்ளு எங்க கெடைக்குது நைனா?" என்றான் லியாகத்.

படகின் பின்கயிறு கரையில் சுருண்டு கிடந்தது. அதை நானே பனையில் சுற்றினேன். முடிச்சை இறுக்கிய நொடியில் 'டக்'கென்று ஒரு சத்தம். அந்த அதிர்ச்சியில் எண்ணூர்க் கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் முட்டையிட்டன! தூணின் தலை தண்ணீருக்குள் போனது. படகு கடலைப் பார்த்துப் பாய்ந்தது. "அண்ணே!" என்று சௌக்கத் அலறினான். பனை வளைந்தது, பின்கயிறு விறைத்தது, படகு நின்றது.

தம்பியைக் கரையேற்றிய பிறகு லியாகத் அந்த மொட்டைத் தூணின் வழுவழுப்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"கயிறுதான் நைனா அறுத்துது," என்றான்.