ஆறுமணிக் குருவிக்கு விட்டுவைத்த சருகு

நான் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது. பிறகு வெள்ளவத்தை வீட்டின் பின்வளவுதான் எனக்கு ஊர். மாரி தொடங்கும்போது அங்கே ஓர் ஆறுமணிக் குருவி வந்து இறங்கும். விடியலிலும் மஃரிபுத் தொழுகைக்கு முன்னும் சீட்டியடிக்கும். மற்ற நேரமெல்லாம் பலாமரத்தடிச் சருகுக்குள் ஒளிந்து புழு கிளறும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. சருகு கிடந்தால்தான் அது தங்கும். அந்த மூலையை மட்டும் கூட்ட வேண்டாமென்று உம்மாவிடம் கெஞ்சி வைத்திருந்தேன்.

பெண்பிள்ளை சீட்டியடித்தால் எங்கள் வீட்டில் அடி விழும். ஆனாலும் கையைக் குவித்து அதன் குரலைப் பழகிக்கொண்டேன். நான் கூப்பிட்டால் அது வெளியே வரும். இதை ஒருத்திக்குத்தான் காட்டினேன், பெரியும்மாவின் மகள் றலியா ராத்தாவுக்கு.

"அடி கள்ளி! எனக்கும் பழக்கித் தாவன். அல்லாவாணை, ஆருக்கும் செல்ல மாட்டன்."

பழக்கினேன்.

ஒரு பின்னேரம் அவள் என்னோடு அறையில் இருந்தபோது வளவில் சீட்டி கேட்டது. குருவியுடையதல்ல. கடைசியில் கொஞ்சம் இழுபடும் என்னுடைய சீட்டி. திரையை விலக்கினேன். சீட்டியடித்தது அவளுடைய அண்ணன், ஜாபிர் நானா. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை, வலையோடு அவருடைய பியோன்.

"ராத்தா, என்ன இது?"

"துரை குருவிகளுக்குப் பஞ்சடைச்சு வைக்கிறவராம். நானாக்கு அவர்ட கந்தோரில வேலை கிடைக்கப் போகுது. ஒரு குருவிதானே புள்ள."

கதவுக்கு ஓடினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வெளி ஆம்புளயள் நிக்கிறாங்க. முக்காடும் இல்லாம எங்க போற? வாப்பாட மானம் போகும்."

நின்றுவிட்டேன். எந்தச் சொல்லுக்கு நான் நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

சருகு சரசரத்தது. என்னிடம் வருவதுபோலவே குருவி தத்தித் தத்தி நடுவளவுக்கு வந்தது. வலை விழுந்தது.

"வெரி குட், ஜாபிர்!"

உம்மா கொடுத்த வட்டிலப்பத்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் ராத்தா போனாள்.

அடுத்த மாரியில் மறுபடி வந்தாள்.

"குருவி வந்திட்டா புள்ள? துரைக்குச் சோடி வேணுமாம்."

"இல்ல ராத்தா."

அன்று விடியலில்தான் ஒன்று மதிலுக்கு அப்பால் கூப்பிட்டிருந்தது. அவள் போனதும் அது திரும்பவும் கூப்பிட்டது. என் கை தானாகக் குவிந்தது. விரித்து, அந்தக் கையாலேயே விளக்குமாற்றை எடுத்தேன். பலாமரத்தடியை மண் தெரியும்வரை கூட்டி, சருகையெல்லாம் எரித்தேன்.

உம்மா எட்டிப் பார்த்தார்.

"இப்பதான் வளவு பார்க்க வடிவா ஈக்குது."