சர்வேயர் எதிர்த்து வாக்களித்தார்

பாடத்தின் பெயர் 'குடிமைக் கல்வியும் ஜனநாயகப் பங்கேற்பும்'. அதில் நான் ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறையும் போனால் பல்கலைக்கழகம் என்னைக் கை கழுவிவிடும். பட்டம் இல்லையென்றால் ஆசிரியர் வேலை இல்லை, ஆயுசு முழுக்க மருந்துக்கடையில் நின்று இருமல் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

ஃபெயிலானது மூளை இல்லாமல் அல்ல, இடம் இல்லாமல். கடையில் ஆறு மணி வரை வேலை. வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். புத்தகத்தைத் திறந்தால் அம்மா வெங்காயத்தை நீட்டுவாள். அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், டிவி சத்தத்தைக் கூட்டுவார். அக்காவின் இரட்டையர் 'வாக்காளர் கடமைகள்' மேல் பாலைக் கொட்டுவார்கள். எங்கள் தெருக்கோடி நூலகத்தில் அருமையான வாசிப்பு அறை ஒன்று உண்டு. நீள மேசை, நல்ல விளக்கு, பேசினால் முறைக்கிற நூலகர் அம்மாள். எல்லாம் இருந்து என்ன, ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

இந்த முறை பேராசிரியர் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு செய்முறை வைத்தார். ஆளுக்கொரு பொதுக்கூட்டத்துக்குப் போய்த் தீர்மானம் கொண்டுவந்து, நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எனக்குக் கிடைத்தது எங்கள் நூலகத்தின் வாசகர் கூட்டம். நகரத்திலேயே அப்படியொரு கூட்டம் கிடையாது என்றார் பேராசிரியர். மாதம் தவறாமல் இருபத்தாறு பேர் வருகிறார்களாம், வாதாடுகிறார்களாம், வாக்கெடுக்கிறார்களாம். அவர்களுடைய மினிட்ஸ் நோட்டைப் படித்து அவர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். வாசிப்பு அறையை எட்டு மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று மணி. கடையில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். கூட்ட அறையில் இருபத்தாறு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மூலையில் நூலகர் அம்மாள் மட்டும் மினிட்ஸ் நோட்டில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்றதும் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"கூட்டத்துக்கா? எதுக்கு?"

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டதும் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்பு மாதாமாதம் வாசகர் கூட்டம் நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. முதல் மாதம் ஒரு ஈ காக்கா வரவில்லை. அதை உள்ளபடி எழுதினார், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் இருபத்தாறு பேர் வந்ததாக எழுதினார், பாராட்டு வந்தது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் சந்தேகம் வருமே என்று ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரை உண்டாக்கினார். அவர் எதையும் எதிர்ப்பவர். எதையும் ஆதரிக்கிற ஒரு தையல்காரம்மாவும் உண்டு. பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை.

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என்ன பேசினாய் என்று மட்டும் சொல் என்றார். தீர்மானத்தைக் கொடுத்தேன். எட்டு மணி என்ற இடத்தில் அவர் முகம் சுருங்கியது. எட்டு மணி வரை திறந்திருந்தால் உட்கார வேண்டியவர் அவர்தானே. பத்து நிமிடம் எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். தையல்காரம்மா எனக்காக உருகியிருந்தார். சர்வேயர் எழுந்து, எட்டு மணி வரை படிக்க வேண்டியவர்கள் பகலெல்லாம் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தார். ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு பதினான்கு.

"தோத்துப்போச்சும்மா," என்றார் நிஜமான வருத்தத்தோடு. "சர்வேயர் ஒத்துக்கல."

கையெழுத்தோடு வீடு வந்தேன். இருபதுக்குப் பதினெட்டு கிடைத்தது. பேராசிரியர் சர்வேயரின் கேள்விக்குக் கீழே கோடு போட்டு 'அருமை' என்று எழுதியிருந்தார். இருக்கிறவர்களிடம் தோற்று எனக்குப் பழக்கம் உண்டு. இல்லாத ஒரு ஆள் என்னைப் பார்த்து, பகலெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்பதைத் தாங்க முடியவில்லை. மீதி எண்பது மதிப்பெண்ணுக்கு எனக்கு அந்த அறை வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஆள் திரட்டினேன். அம்மா, அக்கா, அத்தான், கடை முதலாளி, மூன்று வகுப்புத் தோழர்கள், இருமல் மருந்து வாங்க வந்து மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர்கள் என்று என்னோடு பதினாறு பேர். நாங்கள் உள்ளே நுழைந்ததும் நூலகர் அம்மாள் ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓடி ஓடி நாற்காலிகளைத் துடைத்தார்.

நிஜ மனிதர்கள் நோட்டு மனிதர்கள் அளவுக்குச் சீராகப் பேசவில்லை. அத்தான் மின்விசிறி கேட்டார். முதலாளி தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். இரண்டு வாடிக்கையாளர்கள் ஜன்னலோர நாற்காலிக்காக மோதிக்கொண்டார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக "அமைதி, அமைதி" என்று மேசையைத் தட்ட வேண்டி வந்ததில் நூலகர் அம்மாளின் முகம் சிவந்து பூரித்துப் போயிருந்தது.

வாக்கெடுப்பு வந்தது. ஆதரவாக எட்டுக் கைகள். எதிராகவும் எட்டு. எதிர்த்து முதலில் தூக்கிய கை அம்மாவுடையது.

"எட்டு மணி வரைக்கும் இவ இங்கயே உக்காந்துட்டா வீட்டுல வேலைய யாரு பாக்கறது?" என்றாள் அம்மா, சபையைப் பார்த்து.

முதலாளியும் எதிர்த்தார். அவரிடம் ஒளிவுமறைவு கிடையாது. "படிச்சு பாஸாயிட்டா கடையில யாரு நிப்பா?" என்றார்.

என் சொந்தச் செலவில் டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்த எதிர்க்கட்சி. சமமானால் தலைவரின் வாக்கே முடிவு என்று பாடத்தில் படித்திருக்கிறேன். தலைவர் நூலகர் அம்மாள். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறவர். முடிந்தது கதை என்று புத்தகப் பையை எடுத்தேன்.

அவர் வாக்களிக்கவில்லை. எங்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த மாசமும் எல்லாரும் வருவீங்களா?"

மின்விசிறி முடிவாகும் வரை விடுவதாக இல்லை என்றார் அத்தான். ஜன்னலோரக்காரர்கள் இருவரும் தலையாட்டினார்கள். நூலகர் அம்மாள் மினிட்ஸ் நோட்டைத் திறந்தார். பதினோரு வருடமாக அடுத்தவர் வாயால் பேசியே பழகியவர், தன் வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை.

"நம்ம சர்வேயர் ஐயாவுக்கு இன்னிக்கு வர முடியல. லெட்டர் குடுத்தனுப்பியிருக்கார். அவர் மனசு மாறிட்டாராம். எட்டு மணிக்கு சம்மதமாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆட்சேபணை உண்டா?"

சபைக்கு வராதவரின் வாக்கு செல்லாது. நாலாம் பாடம், இரண்டாவது பத்தி. அதற்கு மேல், அந்த ஆளே கிடையாது. எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது.

"யாரு அந்த சர்வேயர்?" என்று அத்தான் என் காதில் கேட்டார்.

"ரொம்பப் பழைய உறுப்பினர். லேசுல மசிய மாட்டார்," என்றேன்.

அன்றிலிருந்து மூன்று மாதம் தினமும் எட்டு மணி வரை அந்த மேசையில் படித்தேன். எதிரே நூலகர் அம்மாள் உட்கார்ந்து நான் பேசாமலே முறைத்தார். தேர்வில் ஒரு கேள்வி: 'ஒரு வாக்கு செல்லாததாகும் ஐந்து சூழ்நிலைகளை விளக்குக.' ஐந்தும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான்கை எழுதிவிட்டு, நாலாம் பாடம் இரண்டாவது பத்திக்காக ஐந்தாவது எண்ணைப் போட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த எண்ணை அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.