அழுகை இருபத்திரண்டரை இஞ்ச்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பேரூர்க் கோயில் வாசலிலும், கோட்டைமேட்டுப் பள்ளிவாசல் படியிலும், மாதாகோயில் மணிக்கூண்டுக்கு அடியிலும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டாலும் ஒரு எழுத்து மாறாது. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. நம்ப மாட்டார்களே என்று குறைத்துச் சொன்னது கொஞ்சம் உண்டு.

1992ஆம் வருடம் தை மாதத்திலிருந்து, கோட்டைமேடு ஹபீபுன்னிசா தைத்த பட்டு ஜாக்கெட்டுகளின் கொக்கிகள், குழந்தை பசித்து வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் தாமாகவே கழன்றன. அந்த மாதம் தக்காளி கிலோ நாலு ரூபாய். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது.

ஹபீபுன்னிசா அதற்காகத் தைக்கவில்லை. அவளுடைய நாத்தனார் ஆஃப்ரின், கைக்குழந்தையோடு ஒரு வருடத்தில் ஏழு கல்யாணங்களுக்குப் போய்விட்டு வந்து, எந்த மாப்பிள்ளை கறுப்பு, எந்த மாப்பிள்ளை சிவப்பு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தாள். ஏழு மண்டபங்களின் ஸ்டோர் ரூமில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைப் பற்றி மட்டும் விவரமாகச் சொன்னாள். நகை போட்டு, பட்டுடுத்தி, இறுக்கமான ஜாக்கெட்டில் பன்னிரண்டு பின் குத்திக்கொண்டு போகிற தாய்மார், குழந்தை சிணுங்கியதும் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒவ்வொரு பின்னாகக் கழற்றி, பால் கொடுத்து, மறுபடி பின் குத்தி வெளியே வரும்போது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இதைக் கேட்ட அன்றைக்கே ஹபீபுன்னிசா மிஷினில் உட்கார்ந்தாள். வெளியே பார்த்தால் சாதாரணப் பட்டு ஜாக்கெட். ஜரிகைக் கரைக்கு அடியில் இரண்டு பக்கமும் மறைவாகத் திறப்பு. உள்ளே பால் கசிந்தால் உறிஞ்சிக்கொள்ள மெல்லிய துவாலைத் துணியில் லைனிங். உடுத்தியவளைத் தவிர யாருக்கும் திறப்பு இருக்கும் இடம் தெரியாது. ஒரே வருடத்தில் உக்கடம் முதல் சரவணம்பட்டி வரை பிள்ளை பெற்ற வீடுகளில் அவள் பெயர் தெரிந்துவிட்டது.

கொக்கிகள் தாமாகக் கழல ஆரம்பித்ததும் அவளுடைய கணவர் அப்துல் வஹீது கொக்கியைத்தான் சந்தேகப்பட்டார். பெரிய கடைவீதியில் பொத்தானும் நூலும் விற்கிறவர் அவர். மட்டமான சரக்கு வந்துவிட்டது என்று சொல்லி வேறு இடத்தில் வாங்கிப் பார்த்தார். அவையும் கழன்றன. பட்டன் வைத்துப் பார்த்தார். பட்டன்கள் காஜாத் துளையிலிருந்து முயல் மாதிரி தாவி வெளியே வந்தன. அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தாய்மார்களும் பேசவில்லை. வேலை மிச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் ஈரோட்டில் வந்தது. ஜோஸ்லின் என்ற டீச்சர் தன் கொழுந்தனாரின் கல்யாணத்துக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அன்று அந்த மண்டபத்தில் முப்பத்துநாலு கைக்குழந்தைகள். எந்தக் குழந்தைக்குப் பசித்தாலும் ஜோஸ்லினின் கொக்கி கழன்றது. அவள் ஒன்றை மாட்டினால் மூன்றாவது வரிசையில் இன்னொரு குழந்தைக்குப் பசித்தது. ஆல்பத்தில் ஐம்பத்திரண்டு படங்களிலும் ஜோஸ்லின் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடியே நிற்கிறாள். இத்தனை பக்தியுள்ள பெண்ணைத் தான் பார்த்ததில்லை என்று பாதிரியார் மேடையிலேயே பாராட்டினார். ஜோஸ்லின் மறுநாள் கோட்டைமேட்டுக்கு வந்து ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். திட்டக்கூட இல்லை, தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவு பாட்டு பாடியிருந்தாள். ஹபீபுன்னிசா நாலு நாள் மிஷினைத் துணி போட்டு மூடிவைத்தாள்.

ஐந்தாம் நாள் அன்னூரிலிருந்து சாந்தாமணி வந்தாள். இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. அடுத்த மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவள் கூறைச்சேலை வைத்த கூடையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதற்கு இணைச்சீர் என்று பெயர். சீர் முடிகிறவரை கூடையைக் கைமாற்றக் கூடாது. அன்று கூடை பிடித்தவளுக்குத்தான் ஆயுசுக்கும் தாய்வீட்டில் முதல் மரியாதை.

“சீர் ரெண்டு மணி நேரம் நடக்குமுங்க அக்கா. இவ முக்கா மணிக்கொருக்காப் பாலுக்குக் கத்துவா. பாட்டல் குடுத்தா துப்பிப்போடறா, பாலாடையத் தட்டி உட்டுடறா. நான் கீழ எறங்குனா எங்க பெரியப்பா மக வரலட்சுமி ஏறிக் கூடையப் புடிச்சுக்குவா. போன மாசமே அதுக்குன்னு சேல எடுத்துப்போட்டா.”

ஹபீபுன்னிசா ஈரோட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். இனி இந்த ஜாக்கெட் தைப்பதில்லை என்றும் சொன்னாள். சாந்தாமணி குழந்தையை மிஷின் பலகைமேல் உட்காரவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை இஞ்ச் டேப்பைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. ஹபீபுன்னிசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கணவரிடம் சொன்னாள்.

“ஏனுங்க, இத்தன நாளாத் தாயத்தான் அளந்திருக்கறேன். புள்ளைய அளக்கவே இல்ல.”

“ஜாக்கெட் போடறது புள்ளையா?”

“குடிக்கறது யாருங்க?”

குழந்தையின் அழுகையை அளப்பது என்று முடிவாயிற்று. ஆனால் குழந்தை அழவில்லை. புது இடத்தில் குஷியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் வஹீது சும்மா பார்க்கலாம் என்று குனிந்து முகத்தைக் காட்டினார், உடனே அழுதது. ஹபீபுன்னிசா டேப்பின் ஒரு முனையைக் குழந்தையின் உதட்டருகே பிடித்து மறுமுனையை நீட்டினாள். அழுகை பட்டு டேப் நடுங்கியது. அந்த நடுக்கம் எந்த இடத்தில் அடங்குகிறதோ அதுதான் அளவு. நோட்டில் கழுத்து, கை, உயரம் என்று எழுதியதற்குக் கீழே ‘அழுகை 22½’ என்று எழுதிக்கொண்டாள். கொக்கிப்பட்டியின் உள்மடிப்பை அந்த அளவுக்கு வெட்டினாள். இரண்டு கையிலும் கூடை இருக்கும் என்பதால், முந்தானைக்குள் தோளிலிருந்து இடுப்புவரை பட்டின் நிறத்திலேயே ஒரு சின்னத் தூளியும் தைத்தாள். அதில் குழந்தையைப் போட்டால் மேலே பார்ப்பவர்களுக்கு முந்தானை கொஞ்சம் தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான்.

1994 வைகாசியில் கல்யாணம். ஹபீபுன்னிசாவும் வஹீதும் பத்திரிகை வைத்து அழைக்கப்பட்டுப் போயிருந்தார்கள். அவள் கழுத்தில் வழக்கம்போல டேப். அது இல்லாமல் வெளியே போனால் அவளுக்குச் சளி பிடிக்கும். சாந்தாமணி அரக்குப் பட்டில் கூடையோடு அண்ணன் பக்கத்தில் நின்றாள். குழந்தை அவளுடைய மாமியார் பழனாத்தாளின் மடியில் தூங்கியது. கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீரைத் தொடங்கினார். முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது, கொக்கி அசையவில்லை. பந்திக்கூடத்தில் இரட்டைக் குழந்தைகள் அழுதன, அசையவில்லை. ஹபீபுன்னிசா அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் சாந்தாமணியின் குழந்தை விழித்து அழுதது. பழனாத்தாள் தூக்கிக்கொண்டு மேடையேறித் தூளியில் போட்டாள். கொக்கி அசையவில்லை. குழந்தை இன்னும் உரக்க அழுதது. கல்யாண வீட்டில் பத்து நாளாக மைக் செட் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். குழந்தை பத்து நாளும் அதோடு போட்டி போட்டு அழுது அழுகையை வளர்த்துவிட்டிருந்தது. வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி விட்டுத் தைக்க வேண்டும் என்பது எந்தத் தையல்காரிக்கும் தெரியும். ஹபீபுன்னிசா சட்டைக்குத்தான் அப்படி விடுவாள், அழுகைக்கு விடவில்லை.

வரலட்சுமி அதற்குள் மேடையில் இருந்தாள். எப்போது ஏறினாள் என்று யாரும் பார்க்கவில்லை.

“நீ போயிப் பாப்பாளப் பாரு சாந்தா. கூடைய நான் புடிச்சுக்கறேன். எனக்கு அவன் தம்பிதானே?”

“தம்பிய இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துதாக்கும் உங்களுக்கு” என்று சாந்தாமணி கூடையை இறுக்கிப் பிடித்தாள். குழந்தை அழுகிற அழுகையில் குத்துவிளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அருமைக்காரர் நல்ல நேரம் முடிகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

“அம்மணி, நேரம் போவுது. கூடையா, கொழந்தையா? ஒன்னச் சொல்லு சாமி.”

ஹபீபுன்னிசா எழுந்தாள். கழுத்தில் தொங்கியதைப் பார்த்துக் கூட்டம் டாக்டரம்மா என்று வழிவிட்டது. மேடையேறி டேப்பை நீட்டினாள். இருபத்திநாலு. உள்மடிப்பில் கூட்டி விடத் துணி இல்லை. மேடையில் இருந்த துணி எல்லாம் சீர்த்துணி, ஒன்றிலும் கத்தரி வைக்க முடியாது.

“ஒரு நிமிசம் பொறுங்க பெரியவரே. ஒன்னரை இஞ்ச் பத்தல” என்றாள்.

பைக்குள்ளிருந்து கத்தரியை எடுத்து, தன் டேப்பிலேயே இருபத்திரண்டரைக்கும் இருபத்திநாலுக்கும் நடுவில் இருந்த ஒன்றரை இஞ்சை வெட்டி எடுத்தாள். முந்தானை மறைவில் அதைக் கொக்கிப்பட்டியின் உள்மடிப்பில் வைத்து ஒன்பது தையல் போட்டாள். பத்தாவது தையலுக்கு அவசியம் இருக்கவில்லை. பொட்டுக்கடலையைக் கடிப்பதுபோல நாலு சத்தம் கேட்டது. மண்டபம் அமைதியாயிற்று. முந்தானைக்குள்ளிருந்து மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்த மைக் அதைத் தெருமுனைவரை கொண்டுபோயிற்று. குத்துவிளக்குச் சுடர் நிமிர்ந்தது. சாந்தாமணி இரண்டு கையிலும் கூடையைப் பிடித்தபடி சீர் முழுவதும் நின்றாள். வரலட்சுமி இறங்கிப்போய் இரண்டாம் பந்தியில் நன்றாகவே சாப்பிட்டாள்.

நானூறு கல்யாணம் நடத்தியிருந்த அருமைக்காரர், தனக்குத் தெரியாத சீர் ஒன்று இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்திலிருந்து அவர் நடத்திய கல்யாணங்களில் இணைச்சீரின் நடுவே தையல்காரர் ஒருவர் மேடையேறி ஒன்றரை இஞ்ச் துணி வெட்டுவது முறையாகிவிட்டது. ஏன் என்று கேட்டவர்களுக்கு, பெரியவர்கள் காலத்திலிருந்து நடக்கிறது என்று சொன்னார். ஹபீபுன்னிசா புது டேப் வாங்கவில்லை. அவளுடைய டேப்பை ஒட்டித் தைத்ததில் இருபத்திரண்டரைக்கு அடுத்து இருபத்திநாலு வந்தது. அதற்கு மேல் அளவுள்ள பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு ஒன்றரை இஞ்ச் உடம்பு தேறிவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாகப் போனார்கள். 1997 வாக்கில் அன்னூர் பஸ்ஸில் வருகிற தாய்மார், ஜாக்கெட் துணியோடு குழந்தையையும் பசியோடு கொண்டுவந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முகத்தைக் காட்டுவது வஹீதின் பொறுப்பு. மாவட்டத்தின் ஸ்டோர் ரூம்களில் மறுபடியும் அரிசி மூட்டைகள் மட்டுமே இருந்தன.

சாந்தாமணியைப் பற்றி ஒரு தகவல் விட்டுப்போயிற்று. அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை; அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆரம்பத்தில் செய்த சத்தியம் இதற்கும் சேர்த்துத்தான்.