முப்பத்தெட்டுப் பேருக்கான பீப்பாய்

ரேமோனின் வாயை அடைக்க எத்தனை கேலன் பீப்பாய் வேண்டும் என்பதுதான் விநாயகத்தின் உண்மையான கேள்வி. ஆனால் பட்டறைக்கார மச்சான் முனிசாமியிடம், கரியில் எரிகிற, மூடி போட்ட புகையடுப்பு ஒன்று வீட்டுக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மோகாவில் அவர் குடியிருந்த சந்தில் ஒன்பது வீடுகள். எட்டில் தமிழர்கள், ஒன்பதாவதில், விநாயகத்தின் மதிலை ஒட்டி, பிரெஞ்சு கலந்து பேசும் ரேமோன். ஞாயிறுதோறும் ரேமோன் தன் புகையடுப்பில் இறைச்சி வாட்டுவார். சந்தே தட்டை ஏந்திக்கொண்டு அவர் வாசலில் நிற்கும். விநாயகத்தின் வாசலில் அவருடைய சொந்த சைக்கிள் மட்டும் நிற்கும்.

போன ஆகஸ்டுத் தேர்தலில் ரேமோன் தீவின் சுதந்திரத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார். அதை மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் சொல்லவும் செய்தார். மார்ச் பன்னிரண்டாம் தேதி கொடியேறும் என்று அறிவிப்பு வந்ததும், அன்றைக்குத் தன் வீட்டில் அடுப்பெரியாது, துக்கம் என்றார். அதைக் கேட்ட மாலையே விநாயகம் மற்ற ஏழு தமிழ் வீடுகளின் கதவையும் தட்டி விருந்துக்கு அழைத்துவிட்டார். ஒரே ஒரு நாளாவது இந்தச் சந்து விநாயகத்தின் அடுப்பிலிருந்து தின்ன வேண்டும். ரேமோன் அதைப் பார்க்க வேண்டும். சுதந்திரமெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

முனிசாமி தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். விநாயகத்தின் மனைவி தெய்வானைக்கு அண்ணன். கல்யாணத்தன்றிலிருந்தே மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது.

“வீட்டுல எத்தனை பேரு மாப்ள?”

“ஆறு.”

“அப்ப இது போதும்.” சின்ன டின் ஒன்றைக் காலால் நகர்த்தினார். “ஆளுக்கு ஒரு கை அகலம் கம்பி. அவ்ளோதான். பெருசா வாங்கி ரெண்டு கோழியப் போட்டீங்கன்னா சூடு நிக்காது. மூட்டை மூட்டையா கரி திங்கும். கோழி செருப்பாயிரும்.”

“முப்பத்தெட்டு பேருக்கு வேணும் மச்சான்.”

“உங்க வீட்டுக்கா? முப்பத்தெட்டு பேரா? நானே வர்றதில்ல.”

“அதான் முப்பத்தெட்டு. நீங்க வந்தா முப்பத்தொம்பதுன்னு சொல்லியிருப்பேன்.”

முனிசாமி நடுத்தர டிரம் ஒன்றைக் காட்டினார். ரேமோனுக்குச் செய்துகொடுத்ததும் இந்த அளவுதான் என்றார். விநாயகம் உடனே நாற்பத்து நாலு கேலன் பீப்பாயைக் கைகாட்டினார். முனிசாமி அதை நெடுக வெட்டி, கீல் வைத்து, கால் பொருத்தி, வண்டியில் ஏற்றிவிட்டார்.

“மூடியப் போட்டா நீங்களே உள்ள படுத்துக்கலாம்” என்றார், வழியனுப்புகிற முறையில்.

பன்னிரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கே விநாயகம் அடுப்பைப் பற்றவைத்தார். சவுக்குக் கரி, மேலே கொய்யாக் கட்டை. துண்டுபோட்ட ஒரு ஆடும் ஆறு கோழியும் கம்பியை நிறைத்துக் கிடந்தன. அவ்வளவு போட்டதால் சூடும் நன்றாகவே நின்றது. பத்தரைக்குப் புகை மதிலைத் தாண்டி ரேமோன் வீட்டு ஜன்னலுக்குள் போயிற்று. விநாயகம் அதை நின்று பார்த்தார்.

பதினொன்றுக்குச் சந்து வந்தது. முதலில் வந்த எதிர்வீட்டுக் கோவிந்தம்மா மூடிக்கடியில் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, என்னங்க இது? இன்னிக்கிச் செவ்வாய்க்கிழமை!”

செவ்வாயும் வெள்ளியும் அந்தச் சந்தில் எந்தத் தமிழரும் கவிச்சி தொடுவதில்லை. விநாயகமும் தொடமாட்டார். ஆனால் அந்த நாட்களைத் தெய்வானைதான் கவனித்துக்கொள்வாள். இவர் இலையில் விழுவதைச் சாப்பிடுபவர். அவர் ஆபீஸுக்கு வந்த விடுமுறைச் சுற்றறிக்கையில் தேதி மட்டும்தான் இருந்தது, கிழமை இல்லை.

அவர் சமையலறைக்கு ஓடினார். தெய்வானை பூசணிக்காயில் தொடங்கி ஏழு வகைக் காய்கறியும் பருப்பும் முப்பத்தெட்டுப் பேருக்கு இறக்கி வைத்திருந்தாள்.

“தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?”

“பீப்பாய் வாங்கறப்ப என்னைக் கேட்டீங்களா? ஆடு வாங்கறப்ப கேட்டீங்களா? எங்கண்ணன் சின்னது போதும்னாரு, அவரையாவது கேட்டீங்களா? நகருங்க, இலை போடணும்.”

சந்து வரிசையாக உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டது. அடுப்பிருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை.

மதிலுக்கு மேல் ரேமோனின் தலை எழுந்தது. வெகுநேரமாகவே அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

“மிஸ்யே விநாயகம், அத்தனையும் நாய்க்கா? நாங்க ஒம்பது பேரு இருக்கோம். இப்படி மதில் மேலேயே குடுத்துடுங்க.”

விநாயகம் வாசலைப் பார்த்தார். அங்கே புதுக் கொடியைத் தாழக் கட்டியிருந்தார்.

“குனிஞ்சு வாசல் வழியா வந்தா உண்டு.”

ரேமோனின் தலை மதிலுக்குக் கீழே போயிற்று. பிறகு மனைவி கொலெட், மச்சினர்கள், பிள்ளைகளோடு கொடிக்கடியில் குனிந்து வந்தார். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினார். கொடிக்காக இல்லை, இங்கே நிழல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொடிக்கு முதுகு காட்டி நாற்காலியில் அமர்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு வானொலியில் கொடியேற்றத்தைச் சொன்னார்கள். எச்சில் கையோடு சந்து எழுந்து நின்றது. ரேமோன் தொடை எலும்பைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். ரேமோன் வீட்டாருக்கு இறைச்சி எடுத்துக்கொண்டிருந்த விநாயகத்தால் நேராக நிற்க முடியவில்லை. கையில் இடுக்கி, கண்ணில் புகை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

ரேமோன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பரவாயில்ல. ஆனா எனக்கு ஓரம் கொஞ்சம் கருகணும்.”

விநாயகம் அதை வாங்கினார். கம்பியில் போட்டார். குனிந்து கரியை ஊதினார்.