நான் லோக்கல்

லோக்கல் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் கோவர்த்தனனுக்குச் சிரிப்புதான் வரும். அதற்கெல்லாம் பள்ளிக்கூடம் போகவேண்டுமா என்ன? நின்று நின்று போனால் லோக்கல் பஸ். மண்டி வியாபாரி உதட்டைப் பிதுக்கினால் அவன் தோட்டத்து மாங்காய் லோக்கல் சரக்கு. காலில் ஆணி ஏறியபோது டாக்டர் போட்ட மரத்துப்போகும் ஊசிகூட லோக்கல்தான். சண்டை வந்தால் மச்சான், "லோக்கலாப் பேசாதே" என்பான். பாட்டன் காலத்திலிருந்து ஆந்திர எல்லைக்குள் பிச்சாட்டூரில் உழுது பிழைக்கிற தமிழ்க் குடும்பம். அவன் லோக்கல் இல்லையென்றால் வேறு எவன் லோக்கல்?

மகள் ஸ்ரீதேவிக்கு நர்சிங் சீட்டு வேண்டும். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். போன வாரம் சென்னைக்குப் போனார்கள். ஆதார் அட்டையைப் பார்த்ததுமே, "ஆந்திராவா? அதர் ஸ்டேட்" என்று ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது திருப்பதிதான். இங்கேயும் இல்லையென்றால் படிப்புக்கு முழுக்கு. இருவருக்கும் அது தெரியும். அதனால்தான் பஸ்ஸில் வழியெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

கவுன்சிலிங் மேசையில் இருந்தவர் ஸ்ரீதேவியின் சான்றிதழ்களைப் புரட்டினார். ஆறாவதிலிருந்து எல்லாமே எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டைப் பள்ளிக்கூடம். பக்கத்து மேசைப் பெண்ணிடம் திரும்பி, "நான் லோக்கல்" என்றார்.

கோவர்த்தனனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடடே, நம்ம தமிழ் ஆளு!

"நாங்களும் லோக்கல்தாங்க சார்! பிச்சாட்டூரு. உங்களுக்கு எந்தப் பக்கம்? நகரியா, சத்தியவேடா?"

அவர் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தார். "அம்மாயி நான் லோக்கல் அண்டி."

"பாத்தியாம்மா, அம்மாயின்னு கூப்பிட்டு உன்கிட்டயே சொல்றாரு! வணக்கம் சொல்லு சாருக்கு" என்று தானும் கை கூப்பினான்.

ஸ்ரீதேவி அப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, கம்முனு இரு. அவரு தமிழ்ல சொல்லல."

"பின்ன?"

"இங்கிலீஷு. ஓட்டல்ல நான்வெஜ்ஜுன்னு எழுதிகீறாங்க இல்ல, அந்த நான். நான்னா இல்லன்னு அர்த்தம். பொண்ணு லோக்கல் இல்லன்னு சொல்றாரு."

கூப்பின கை கூப்பினபடியே நின்றது. பிறகு தெலுங்கில் பிடித்துக்கொண்டான். நிலம் இங்கே, ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, அப்பனை எரித்ததும் இங்கேதான் என்று மூச்சுவிடாமல் கத்தினான். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். ஊர் எது என்று யாரும் கேட்கவில்லையாம். கடைசி நாலு வருஷம் பெண் எங்கே படித்தாள் என்பதுதான் கணக்காம். வெளியே படித்தவர்களுக்கென்று இருந்த கொஞ்சம் சீட்டும் காலையிலேயே நிரம்பிவிட்டதாம். சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

என்ன அநியாயம் இது! ஊரில் தமிழ் வகுப்பு ஐந்தாவதோடு நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் போக ஒரு பஸ் இருந்தது, மகளை ஏற்றிவிட்டான். அவன் செய்தது அவ்வளவுதான். அதற்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் இந்தப் பெண் எந்த ஊர்க்காரி?

பஸ் ஸ்டாண்டில் அவன் எல்லாரையும் திட்டித் தீர்த்தான். சென்னையைத் திட்டினான், திருப்பதியைத் திட்டினான், மலைமேல் இருக்கிறவரையும் விடவில்லை. ஸ்ரீதேவி சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, தம்பி இப்ப ஒம்பதாவது. அவனும் ஊத்துக்கோட்டைக்குத்தான் போய்க்கினு கீறான். இந்த வருசமே தெலுங்கு ஸ்கூல்ல போட்டுடு. பன்னெண்டு முடிக்கச் சொல்ல நாலு வருசம் ஆயிடும். கிஷோருக்கு இந்தக் கதி வராது."

"அவனுக்குத் தெலுங்குல பேரு எழுதக்கூட வராதேம்மா."

"கத்துக்குவான். அழுதாலும் உடாதே, போட்டுடு."

"சரி, அவனுக்கு நாலு வருசம் கீது. உனக்கு?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பஸ்ஸு வந்துடுச்சி நைனா. ஏறு."

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கோவர்த்தனன் வாய்விட்டு அழுதான். பக்கத்தில் இருந்தவள் அழவே இல்லை. கண்டக்டரிடம், "பிச்சாட்டூர் ரெண்டு" என்று தெலுங்கில் கேட்டு வாங்கினாள்.