நூற்றுக்கு எட்டு

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் பேச்சு நின்று இரண்டு வாரமாகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய் அண்ணிக்குத்தான் அலுத்துவிட்டது.

எல்லாம் ஒரு எண்ணால் வந்த வினை. அந்த ஆலையில் எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, பாத்திரம் கழுவும் தொட்டி செய்கிறார்கள். அச்சு செய்வது அண்ணன். அழுத்தும்போது தகடு கிழியுமா என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பார்ப்பது தங்கை. ஒரு தகட்டுக்கு முழுக் கணக்குப் போட ஒரு நாள் பிடிக்கும். தகடுகளோ ஒன்று போல ஒன்று இருப்பதில்லை. ஒன்று மயிரிழை மெல்லிசு, இன்னொன்றில் எண்ணெய் சரியாகப் பரவியிருக்காது. அத்தனைக்கும் முழுக் கணக்குப் போட ஆயுசு போதாது. அதனால் சில தகடுகளுக்கு மட்டும் ஒழுங்காகப் போட்டு, அதை வைத்து ஒரு தோராயக் கணக்கைக் கட்டுவாள். அது கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடும். ஆயிரக்கணக்கான கற்பனைத் தகடுகளை அதில் போட்டுப் பார்த்தாள். நூற்றுக்கு எட்டு, மூலையில் கிழிந்தன. மூலை வளைவை இன்னும் கொஞ்சம் அகலமாக்க வேண்டும் என்று சொன்னாள்.

போன அச்சுக்கும் இப்படித்தான் சொன்னாள். அண்ணன் மறுபேச்சு பேசாமல் திருத்தினான், ஒரு தகடுகூடக் கிழியவில்லை. திருத்தியதால்தான் கிழியவில்லை என்று எவன் யோசித்தான்? தங்கச்சி பூச்சாண்டி காட்டினாள், அண்ணன் பயந்துவிட்டான் என்று ஆலை முழுக்கச் சிரிப்பு. அந்த எரிச்சலில் இந்தத் தடவை மேனேஜர் முன்னாலேயே கேட்டுவிட்டான்.

“இன்னும் ஒரு தகடுகூட அழுத்தல. அதுக்குள்ள எட்டு கிழிஞ்சிடுச்சாமா?”

மேனேஜருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அச்சை அப்படியே மாட்டுங்கள், கிழிந்தால் அடுத்த அச்சு வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவேன் என்றார்.

சோதனை நாளில், தகட்டை அழுத்தும் பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் நின்றார்கள். இந்தப் பக்கம் அவள் மட்டும். தொட்டிகள் பளபளவென்று வந்துகொண்டே இருந்தன. அண்ணன் ஒவ்வொன்றின் மூலையையும் விரலால் தடவி அடுக்கினான். சோதனைத் தகடுகளில் பாதிக்கு மேல் அழுத்தியும் ஒன்றும் கிழியவில்லை. யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒன்றும் கிழியாவிட்டால் அண்ணன் பிழைப்பான், வீட்டிலும் பேச்சு வரும். இது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பிரஸ் இறங்கும்போதெல்லாம் அவள் மனசு ‘கிழி, கிழி’ என்றுதான் அடித்துக்கொண்டது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

அடுத்த தகடு மூலையில் கிழிந்தது, அவள் சொன்ன அதே இடத்தில். அவளுக்குப் பெருமூச்சு வந்தது, கூடவே ஒரு சிரிப்பும். அண்ணன் அப்போது தகட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரஸ்ஸை நிறுத்தினார்கள். கிழிந்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து அவள் காலடியில் வைத்தான்.

“இப்ப நிம்மதியா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டானே.

“ஆமாண்ணா.”

அவன் திரும்பிப் போனான். அங்கிருந்தவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தோளில் தட்டினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கணக்கு சரியாக வந்ததே என்று சொல்லக்கூட இந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.